கரண்டு காரும் கத்திமுனை எலுமிச்சம்பழமும்

சம்மந்தத்துக்கு கல்யாணத்துல பயமே கெடையாது. கல்யாணத்துக்கு மொத நாள் சாயந்திரம் மாப்ளய கார்ல ஒக்கார வச்சி, மேளதாளத்தோட ஊர சுத்தி அழச்சிக்கினு வருவாங்களே, அந்த காருலதான் பயம். அதுவும் லேசுபட்ட பயம் இல்ல. நெனச்சாலே நாக்கு அடியில தண்ணி ஊறும், காது ரெண்டும் சூடாவும், தொண்டைக்கு கீழ ஏதோ ஒண்ணு எழுந்து ஒக்காந்துக்கினு, நான் வரட்டுமா வரட்டுமான்னு கேக்கும்.

ஆளு ஒண்ணும் நோஞ்சான் இல்ல. நெட்டப்பாக்கத்துல பத்தொம்பது வயசுப் பசங்கள்ல அவன மாதிரி கரும்பு கட்டு தூக்கறவன் எவனும் இல்ல. கரும்புக் கொல்லைல பாம்பு வந்தா மத்தவன்லாம் வரப்புக்கு ஓடுவான், இவன் வால புடிப்பான். ஆனா பெட்ரோல் வாசன மூக்குல ஏறுச்சின்னா போதும், ஆளு பொட்டப்புள்ள மாதிரின்னு கூட சொல்ல முடியாது, ஏன்னா அவங்க வூட்டு பொம்பளைங்கள்லாம் ஜம்முனு பஸ்ல போய் வருவாங்க.

சின்ன வயசுல வில்லியனூர் தேருக்கு போனப்ப நடந்தது அது. பஸ்ல முன் சீட்டுல ஒரு வாத்தியாரு. பிரான்சுக்காரங்க மாதிரி வெள்ளத் தொப்பி ஒண்ணு வச்சிருந்தாரு. புழுக்கமா இருக்குதுன்னு அத கழட்டி பக்கத்துல மல்லாக்க வச்சிட்டு தூங்கிட்டாரு. சம்மந்தத்துக்கு வவுத்தக் கலக்கிச்சி. ஜன்னல் பக்கம் அம்மா, நடுவுல இவன். வேற எடமே இல்ல. சத்தமே இல்லாம, ஒரு சொட்டு கூட வெளிய சிந்தாம, அந்தத் தொப்பிக்குள்ள முடிச்சிட்டான். வில்லியனூர் வந்ததும் வாத்தியாரு முழிச்சாரு. அவசர அவசரமா தொப்பிய எடுத்தாரு. தலைல வச்சாரு.

அதுக்கப்பறம் நடந்தத அம்மாவும் புள்ளயும் வெளிய சொன்னதே இல்ல. அப்பா கண்ணையனுக்குக் கூட தெரியாது. தெரிஞ்சா அவரே ஊரெல்லாம் சொல்லி சிரிப்பாரு, அவரு சுபாவம் அப்பிடி.

பாகூருக்கு பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு விதி மறுபடி மூக்குல ஏறிச்சி. பொண்ணு பேரு ராஜாமணி. அவங்கப்பா சிவப்பிரகாசம் நெல்லு மிஷின் வச்சிருக்கறவரு. பொண்ணோட தாய்மாமன் அரங்கநாதன், ஏரிப் பாசனத்துல பாதி நெலம் அவுருதுன்னு பேரு. பாகூர்ல மொத மொத கார் வாங்குனவரும் அவருதான். மாப்ள வூட்டுக்காரங்க மாட்டு வண்டில வந்தா எங் கவுரவம் இன்னா ஆவறதுன்னு, டிரைவர் சூசைநாதன்கிட்ட தன் பெட்ரோல் காரையே குடுத்து அனுப்பிட்டாரு.

அந்தப் பயணத்தப் பத்தி விவரமா சொல்ல வேணாம். காரு வூட்டு வாசல்ல நின்னதும், எல்லாரும் உள்ள போவ, சம்மந்தம் மட்டும் நேரா பின்பக்கம் கெணத்தடிக்கு போனான். வாழ மரத்துக்கு பின்னால குனிஞ்சான். அப்பறம் வாளி வாளியா தண்ணி எறச்சி மூஞ்சி, வாயி, கழுத்துன்னு கழுவுகழுவுன்னு கழுவிட்டு வந்து ஒக்காந்தான். சிவப்பிரகாசத்துக்கு பூரிப்பு தாங்கல. பொண்ணு மூஞ்சில முழிக்கறதுக்கு முன்னாடி இவ்ளோ சுத்தபத்தமா ஒரு பையனான்னு அங்கியே தாம்பூலம் மாத்திட்டாரு.

அப்பிடியாக, வாந்தி எடுத்து வாங்குன பொண்ணு ராஜாமணி. பதினெட்டு வயசு. சம்மந்தம் அவள ஒழுங்கா பாக்கக் கூட இல்ல. கண்ணுல தண்ணி கட்டியிருந்துச்சி. பச்சயா ஏதோ வந்துச்சி, தட்டு வச்சிச்சி, ஒரு தரம் இவன உத்துப் பாத்துச்சி, போய்டுச்சி. அந்தப் பார்வைய நெனச்சி நெனச்சி நாளெல்லாம் சிரிச்சிக்கினே கெடந்தான். அடுத்த நிமிசமே காரு ஞாபகம் வரும், சிரிப்பு செத்துரும். பொண்ணு பாக்கற அன்னிக்கு வாழ மரம் காப்பாத்திச்சி. மாப்ள அழைப்புல பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை, சுத்தி ஊரு முழுக்க சனம். அங்க எந்த வாழ மரம் வரும்? ஒரு தடவ அது நடந்துச்சின்னா சாவற வரைக்கும் பாகூர்ல அவன் பேரு வாந்தி மாப்ள. அந்தப் பொண்ணு வாந்தி மாப்ள பொண்டாட்டி.

அந்த சமயத்துலதான் நல்ல சேதி ஒண்ணு வந்துச்சி. சிவப்பிரகாசமும் கார் வாங்கிட்டாராம். அது பெட்ரோல்ல ஓடாதாம். கரண்டுல ஓடுதாம்.

பாண்டிச்சேரி வெள்ளக்காரத் தெருவுல ஒரு தொரசானி தன் சீமைக்கே திரும்பிப் போறப்ப வித்துட்டுப் போன காரு அது. பெரிய கண்ணாடி அலமாரிக்கு நாலு சக்கரம் வச்சா எப்பிடி இருக்கும், அப்பிடி. முன்னால பின்னால ரெண்டு பொட்டி. பொட்டி நெறைய பேட்டரி. அத ஓட்டிக்கினு வந்தது ராஜாமணியோட அண்ணன் சின்னதம்பி. மிஷின்ல பெல்ட்டு மாட்டறது, டைனமோ பாக்கறது எல்லாம் அவன்தான்.

பாண்டிச்சேரிலேர்ந்து பாகூருக்கு வர்ற வழில இங்கிலீசுக்காரன் எல்லை குறுக்க வரும். அங்க சுங்கச் சாவடி. நம்ம பக்கம் பெட்ரோல் வெல கம்மிங்கறதால, ஒவ்வொரு காரா நிறுத்தி டாங்கிக்குள்ள மூங்கில் குச்சிய வுட்டு அளந்துதான் அனுப்புவாங்க. சாவடிக்காரரு குச்சியோட இந்தக் கார சுத்தி சுத்தி வந்தாராம். டாங்கிய எங்கடா ஒளிச்சி வச்சிருக்கறன்னு கேட்டாராம். டாங்கியே கெடையாதுங்கன்னு சின்னதம்பி சொன்னத நம்பல. பெட்ரோல் இல்லாம ஓடற காருன்னா அதுல கண்டிப்பா நெறைய பெட்ரோல் இருக்குதுன்னு அவருக்கு சந்தேகம். கடைசில பேட்டரி மூடியத் தொறந்து குச்சிய உள்ள வுட்டு, வெளிய எடுத்து, தன் காக்கி நிஜார்ல தொடச்சாராம். மறுநாள் அந்த நிஜார்ல ஆசிட்டு தின்ன ஓட்டைங்க மட்டுந்தான் மிச்சம்னு பேச்சு.

இதக் கேட்டு நெட்டப்பாக்கமே சிரிச்சிச்சி. சம்மந்தம் மட்டும் சிரிக்கல. அவனுக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. புகை இல்ல, நாத்தம் இல்ல, பொறந்ததுலேர்ந்து அவனுக்காகவே காத்துக்கினு இருந்த காரு.

ஆனா மாப்ள அழைப்புக்கு வண்டி கொண்டாறது அந்த வூட்டு வழக்கத்துல தாய்மாமன் உரிமை. அரங்கநாதன் அத வுட்டுக் குடுப்பாரா? அவரு சொல்லி அனுப்புனாரு, எங்காரு ஒரு டின்னு ஊத்துனா கூடலூரு வரைக்கும் போய்ட்டு வரும், எங்க மாமா காரு மிஷின் பக்கத்துலயே கட்டிப் போட்ட கன்னுக்குட்டி மாதிரி, கவுறு நீளத்துக்குத்தான் மேயும்னு. சிவப்பிரகாசம் பதிலுக்கு சொல்லி அனுப்புனாரு, எங்கார எம்பொண்ணே ஒரு கம்பியத் தள்ளி ஓட்டுவா, மச்சான் காரு கெளம்பணும்னா சூசைநாதன் முன்னால நின்னு இரும்புக் கைப்பிடிய மாவு ஆட்டற மாதிரி ஆட்டணும், அது திருப்பி அடிச்சதுல அவரு மணிக்கட்டு வீங்குனது இன்னும் வத்தலன்னு. இதுக்கு அரங்கநாதன், கரண்டு ஏத்தறதுக்கு ராத்திரி பூரா மிஷின ஓட்றாரே, அந்த மிஷினு எந்த எண்ணெல ஓடுதாம், தீர்த்தத்துலயான்னு கேட்டாரு. இது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சி.

சம்மந்தம் தன் பங்குக்கு அப்பாகிட்ட பேசிப் பாத்தான். உண்மையத் தவிர எல்லாத்தையும் சொன்னான். புகைல பட்டு வேட்டி கருப்பாயிடும்னான். சத்தத்துல நாயனம் கேக்காதுன்னான். மெதுவா போனா பெட்ரோல் காரு கொதிச்சி ஆவி கக்கும்னான்.

கண்ணையன் வெத்தலைய மென்னுக்கினே கேட்டுக்கினு இருந்தாரு. "ஏன்டா, சத்தமே இல்லாத கார்ல போனா மாப்ள வர்றான்னு எவனுக்குத் தெரியும்? பூன மாதிரி போய் தாலி கட்டப் போறியா?"

அவருக்கு பெட்ரோல் காரோட ஆரன் ரொம்பப் புடிக்கும். ரப்பர் பந்த அமுக்குனா எரும கத்தற மாதிரி ஒரு சத்தம். அதுக்காகவே அவரு அரங்கநாதன் கட்சி.

கல்யாணத்துக்கு மொத நாள் மாட்டு வண்டி கட்டிக்கினு எல்லாரும் பாகூர் வந்து, புள்ளயார் கோயில் பக்கத்துல எறங்குனாங்க. சம்மந்தம் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. சாப்புட்டாத்தான வரும்னு ஒரு கணக்கு. அங்க போய் பாத்தா, சிவப்பிரகாசம் என்னிக்கும் இல்லாத பிடிவாதமா நிக்கறாரு. யாருக்கும் குறுக்க பேசாத மனுசன். அன்னிக்கு துண்ட இடுப்புல கட்டிக்கினு, எம்பொண்ணு கல்யாணத்துல மாப்ள எங்கார்லதான் வரணும், இதுல மட்டும் எம்பேச்ச மாத்த மாட்டேன்னு ஒரே வாக்கு. மச்சான் கோச்சிக்கிட்டாரு. நாயனக்காரரு வேற, அந்த எரும ஆரன் பக்கத்துல நான் ஊத மாட்டேன்னு நாயனத்து வாய்லேர்ந்து சீவாளிய உருவி துணில சுத்தி வச்சிட்டாரு. கடைசில பெரியவங்க கூடி ஒரு வழி சொன்னாங்க. தாய்மாமன் காரு சீர் தட்டுங்கள ஏத்திக்கினு ரொம்ப முன்னால போவட்டும். அப்பறம் நாயனம். அதுக்கப்பறம் மாப்ள, கரண்டு கார்ல.

சம்மந்தம் அந்தப் புள்ளயாருக்கு ஒரு தேங்கா ஒடைக்கறதா இருந்தவன், ரெண்டா ஒடச்சான்.

சாயந்திரம் அழைப்பு கெளம்பிச்சி. கைல கத்தி, கத்தி முனைல எலுமிச்சம்பழம். கண்ணு படாம இருக்க மாப்ள கைல குடுக்கறது. சம்மந்தத்துக்கு அது வேற விதத்துல தொண. அப்பப்ப திருஷ்டிக்கு ஆட்டற மாதிரி ஆட்டி, மூக்குகிட்ட கொண்டு போய் ஒரு இழுப்பு. ஆனா அதுக்கு அவசியமே இல்லாம போச்சி. காரு நவுந்ததே தெரியல. சின்னதம்பி ஒரு கம்பியத் தள்ளுனான், தெரு தானா பின்னால போவ ஆரம்பிச்சிச்சி. நாயனம் ஒவ்வொரு சொரமா காதுல விழுது. தவுல்காரரு நடுவுல கனைக்கறது கூட கேக்குது. மாடுங்கதான் வெலகல. சத்தம் வந்தாத்தான அதுக்குத் தெரியும்? நடுத்தெருல படுத்துக்கினு இருந்த ஒரு எரும, காரு முட்டற வரைக்கும் வந்து நின்னப்பறம், சாவகாசமா திரும்பிப் பாத்து, சம்மந்தத்த ஒரு தரம் எட போட்டுட்டு எழுந்து போச்சி. ஒரு கெழவி, இழுக்கறதுக்கு மாடும் இல்ல, உறும சத்தமும் இல்ல, இது எந்த ஊரு பேயி இழுக்கறதுன்னு கேட்டுச்சி.

சம்மந்தம் மொத மொதலா காலைலேர்ந்து பல்லு தெரிய சிரிச்சான். இந்த எடத்துல கத முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

சின்னதம்பிக்கு ஆச சும்மா இல்ல. தங்கச்சி கல்யாணம், கைல அவ்ளோ கரண்டு. ஊரே அரிக்கேன் வெளக்குல இருக்கறப்ப, மாப்ள தலைக்குப் பின்னால வட்டமா பல்பு கட்டி, சாமிக்கு பிரபை வச்ச மாதிரி வச்சிருந்தான். கார சுத்தியும் தோரணமா பல்பு. இருட்டுனதும் பேட்டரிலேர்ந்து ஒயர் குடுத்து ஒரே தட்டுல போட்டான். தெருவே ஆன்னு வாயப் பொளந்துச்சி. புள்ளைங்க கன்னத்துல போட்டுக்கினாங்க. நாயனக்காரருக்கு உற்சாகம் தாங்கல, அந்த வெளிச்சத்துல எல்லாரும் தன்ன பாக்கறாங்கன்னு ஒவ்வொரு முக்குலயும் நின்னு ஊதித் தள்ளிட்டாரு. காரு நிக்குது, பல்பு எரியுது. கெளம்புது, நிக்குது, பல்பு எரியுது. இதுல இன்னொண்ணு, அதுக்கு முந்துன நாள் கல்யாண அரிசி அரைக்கறதுக்காக மிஷின்ல டைனமோ பெல்ட்ட கழட்டிட்டாங்க. பேட்டரிக்கு பாதி வவுறுதான் சாப்பாடு. அது சின்னதம்பிக்கு தெரியும். மறந்துட்டான்.

ஏரிக்கரை தெரு திரும்பறப்ப பல்புங்க மஞ்சளாச்சி. கொஞ்ச தூரத்துல செவப்பாச்சி. அப்பறம் அவிஞ்சி போன கொள்ளிக்கட்ட மாதிரி கம்பி மட்டும் தெரிஞ்சிச்சி. காரு ஒரு பெருமூச்சு விட்டாப்ல நின்னுடுச்சி. நின்ன எடம் எதுன்னு கேளுங்க. அரங்கநாதன் வூட்டு வாசல்.

அரங்கநாதன் முன்னால போன கார திருப்பிக்கினு வந்தாரு. மொகத்துல அவ்ளோ சாந்தம். திட்டக் கூட இல்ல.

"இன்னா மாமா, கன்னுக்குட்டிக்கு கவுறு தீந்து போச்சா?"

சிவப்பிரகாசம் ஏரிப்பக்கம் பாத்தாரு. தள்ளிப் பாக்கலாம்னா அது காரு இல்ல, பேட்டரி பாரத்துல கல்லு. மாடு கட்டலாம்னா மாப்ள வூட்டு மாடுங்க எல்லாம் கோயில்கிட்ட அவுத்து வுட்டாச்சி. அரங்கநாதன் ஒரு வடக்கயிறு எடுத்தாரச் சொல்லி, தன் காரோட வால்ல ஒரு முனை, கரண்டு காரோட மூக்குல ஒரு முனைன்னு கட்டச் சொன்னாரு. கண்ணையனுக்கு பரம சந்தோசம். கடைசில அவரு புள்ள எரும ஆரனோடதான் போப்போறான். சூசைநாதன் வீங்குன கையால கைப்பிடிய சுத்துனாரு. பெட்ரோல் காரு இருமி, தும்மி, உறுமிச்சி.

சம்மந்தத்துக்கு அப்பத்தான் வெளங்கிச்சி. பெட்ரோல் கார்ல உள்ள ஒக்காந்தா வாசனதான் வரும். பெட்ரோல் காரு பின்னால கயித்துல கட்டி இழுத்தா, புகைக்கொழா நேரா மூஞ்சிக்கு எதுக்க நிக்கும். எந்தக் கார்லேர்ந்து தப்பிக்க நெனச்சானோ, அதோட வாய்க்கு எதுத்தாப்ல அவன கொண்டாந்து மாட்டியாச்சி.

கயிறு டக்குனு இழுத்துச்சி. காரு குதிச்சிச்சி. கத்தி முனைல இருந்த எலுமிச்சம்பழம் கழண்டு, ஜன்னல் வழியா எகிறி, படில உருண்டு, தெருவுல விழுந்து, தவுல்காரரு கால்ல மிதிபட்டு நசுங்கிச்சி.

அப்பறம் புகை வந்துச்சி. நீல கலர்ல, கொழுகொழுன்னு, சாம்பிராணி காட்டற மாதிரி, தொறந்திருந்த ஜன்னல் வழியா நேரா அவன் மாலைக்குள்ள. சம்மந்தம் மூச்ச புடிச்சான். கடவுள் பேரெல்லாம் மனசுக்குள்ள சொன்னான். பேர் தீந்ததும் மறுபடி மூச்சு வந்துச்சி. நாக்கு அடில தண்ணி ஊறிச்சி. காது சூடாச்சி. தொண்டைக்கு கீழ அது எழுந்து ஒக்காந்துச்சி. தெரு ரெண்டு பக்கமும் சனம். முன்னால குனிஞ்சா சின்னதம்பி தலைப்பாகை. பக்கத்துல கண்ணாடிக் கதவு. அந்த வாத்தியாரு தொப்பி அவன் கண்ணு முன்னால வந்து வந்து போச்சி.

நடந்தது இன்னான்னா, அவன் கதவத் தொறந்து தெருவுல எறங்கிட்டான்.

நாயனம் பாதி சொரத்துல நின்னுச்சி. மாப்ள அழைப்புல மாப்ள கால் தரைல படக் கூடாது. நடுவழில மாப்ள எறங்குனா அதுக்கு ஊருல ஒரே அர்த்தந்தான், மாப்ள கோச்சிக்கிட்டாரு. சீர்ல ஏதோ கொற. சம்மந்தம் ஒரு வேப்ப மரத்துல கைய ஊனி, ஒதட்ட இறுக்கி மூடிக்கினு, ஆகாசத்த பாத்துக்கினு நின்னான். வாயத் தொறந்தா இன்னா வருமோ அது அவனுக்குத்தான தெரியும். பாக்கறவங்களுக்கு அது அசல் கோவக்கார மாப்ள நிக்கற நிப்பு.

சிவப்பிரகாசம் ஓடியாந்தாரு. இன்னா கொற மாப்ள, வாயத் தொறந்து சொல்லுங்கன்னாரு. அது ஒண்ணுதான் அவனால முடியாது. தலைய மட்டும் ஆட்டுனான். மோதரம் சின்னதா போச்சான்னு தன் வெரல்ல இருந்த மோதரத்த கழட்டுனாரு. சம்மந்தம் வேணாம்னு தலையாட்டுனான், அவங்க பத்தாதுன்னு புரிஞ்சிக்கினாங்க. அரங்கநாதன் குறுக்க வந்து, எம் பங்குக்கு ஒரு சைக்கிள் தரேன், பிரான்சுலேர்ந்து வந்ததுன்னாரு. சம்மந்தம் கண்ண மூடிக்கினான். சைக்கிள் மதிப்பா இல்ல போல. கண்ணையன் புள்ளய பக்கத்துல வந்து பாத்தாரு. இப்பிடி ஒரு முறுக்கு தன் புள்ளகிட்ட இருக்கும்னு அவரு கனவுல கூட நெனச்சதில்ல. தோள தட்டிக் குடுத்தாரு. அந்தத் தட்டு வேற நெஞ்சுக்குக் கீழ போய் எல்லாத்தையும் ஒரு கலக்கு கலக்கிச்சி.

மாமனும் மச்சானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. பெருசா ஏதாவது குடுத்தாத்தான் இவன் மனசு எறங்குவான்னு ரெண்டு பேருக்கும் தோணிடுச்சி. சிவப்பிரகாசம் தொண்டைய செருமிக்கினு, மாப்ள, இந்தக் காரே ஒங்களுக்குத்தான்னாரு. அரங்கநாதன் வுடுவாரா? நின்னு போன கார குடுத்து மாப்ளய அவமானப்படுத்தாதீங்க மாமா, ஓடற காரு நான் குடுக்கறேன்னாரு. சொன்னப்பறம்தான் இன்னா சொன்னோம்னு அவருக்கே தெரிஞ்சிச்சி. ஆனா தெருவே கேட்டுடுச்சி.

"சொல்லுங்க மாப்ள. கரண்டு காரா, பெட்ரோல் காரா?"

எல்லாரும் அவன் வாயவே பாத்தாங்க. சம்மந்தம் மெதுவா, ரொம்ப மெதுவா, ஒதட்ட தொறந்தான். நல்ல காலம், காத்து ஏரிலேர்ந்து குளுகுளுன்னு வந்துச்சி.

"ஒரு எலுமிச்சம்பழம் குடுங்க," ன்னான்.

யாருக்கும் புரியல. எலுமிச்சம்பழத்துல இன்னா சீருன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கினாங்க. தங்கத்துல எலுமிச்சம்பழம் கேக்கறாரோன்னு பின்னால ஒரு குரல். அத கேட்டதும் சிவப்பிரகாசம் துண்டால மொகத்த தொடச்சாரு. அந்த மனுசன் நெல்லு மிஷின் இருக்கற பக்கம் திரும்பறத சம்மந்தம் பாத்தான். இனிமே மறைச்சா இவங்க மிஷின எழுதி வச்சிடுவாங்க. வாந்தி மாப்ளன்னே பேரு வரட்டும்னு தோணிச்சி. கண்ண தரைல வச்சிக்கினு சொன்னான்.

"கோவம்லாம் இல்ல மாமா. எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பெட்ரோல் நாத்தம் ஒத்துக்காது. கொமட்டுது. இன்னும் கொஞ்ச தூரம் அந்தக் கொழா பின்னால வந்திருந்தா, ஒங்க மானம், எம் மானம், இந்தப் பட்டு வேட்டி எல்லாம் ஒண்ணா போயிருக்கும். காரும் வேணாம் மோதரமும் வேணாம். என்ன நடக்க வுடுங்க."

சிரிப்பு வரப்போவுதுன்னு சம்மந்தத்துக்கு தெரியும். தோள குறுக்கிக்கினு காத்திருந்தான்.

அதுக்கு முன்னாடி கூட்டத்த வெலக்கிக்கினு ராமாயி வந்தாங்க, ராஜாமணிக்கு அத்த, சிவப்பிரகாசத்தோட அக்கா. கைல ஒரு கிண்ணி. கிண்ணில ரெண்டா அறுத்த எலுமிச்சம்பழம், மேல உப்பு. அவன் கேட்டு வெத்தல மடிக்கற நேரம் கூட ஆவல, பழம் அறுத்து வந்து நிக்குது. எல்லாருக்கும் அதிசயம்.

"ராஜாமணி குடுத்தனுப்புச்சி," ன்னு தம்பியப் பாத்து சொன்னாங்க ராமாயி. "கார கயித்துல கட்டி இழுக்கறாங்கன்னு ஆளு வந்து சொன்ன ஒடனே அறுக்க ஆரம்பிச்சிடுச்சி. அன்னிக்கு கெணத்தடில இந்த மாப்ள பட்ட பாட்ட எல்லாம் ஜன்னல்ல நின்னு பாத்துச்சாம். அதனாலதான் கரண்டு காருதான் வரணும்னு ஒங்கிட்ட ரெண்டு நாளா சோறு திங்காம அழுதது. ஏன் தம்பி, ஒனக்கு இது தெரியாது?"

சிவப்பிரகாசத்துக்குத் தெரியாது. மச்சான் முன்னால தன் கார வுட்டுக் குடுக்கக் கூடாதுன்னுதான் பொண்ணு அழுவுதுன்னு அவரு நெனச்சிருந்தாரு. அவரு முறுக்கோட நின்னதெல்லாம் அந்த நெனப்புலதான். மொகம் ஒரு மாதிரி ஆச்சி.

மொதல்ல சிரிச்சது கண்ணையன். அப்பறம் சூசைநாதன். அப்பறம் தெரு. ஆனா சம்மந்தம் பயந்த மாதிரி அது இல்ல. அவனுக்கு அந்த சிரிப்பு சரியா காதுலயே விழல. எலுமிச்சம்பழத்த வாய்ல வச்சிக்கினு, இவ்ளோ நாளும் தெரிஞ்சி வச்சிக்கினு ஒருத்தி ஒத்தர்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கான்னு நெனச்சிக்கினு இருந்தான். புளிப்பு உச்சந்தல வரைக்கும் ஏறிச்சி. வவுறு அடங்கிடுச்சி.

அன்னிக்கு பாகூர்ல நடக்காத ஒண்ணு நடந்துச்சி. மாப்ள நடந்து போனாரு. நாயனம் முன்னால. பின்னால ரெண்டு காரு. பெட்ரோல் காரு நின்னு நின்னு வந்ததுல கொதிச்சி மூடிய தூக்கி எறிஞ்சிடுச்சி, அதுக்கு கொடம் கொடமா தண்ணி தூக்கிக்கினு நாலு பேரு ஓடுனாங்க. கரண்டு கார சனம் பூரா சேந்து தள்ளிச்சி. எது ஒசந்த காருன்னு யாரும் யாரையும் கேக்கல, மூச்சு இருந்தாத்தான கேக்கறதுக்கு.

மறுநாள் தாலி கட்டி முடிஞ்சி, மத்தியானச் சாப்பாடு ஆயி, பொண்ணு மாப்ளய நெட்டப்பாக்கம் அனுப்பற நேரம். வாசல்ல ரெண்டு காரும் நிக்குது. பெட்ரோல் காரு டாங்கி ரொம்ப நெறஞ்சி, எவ்ளோ தூரம்னாலும் வரேன்னு நிக்குது. கரண்டு காருக்கு காலைலேர்ந்து மிஷின ஓட்டி வவுறு நெறய குடுத்தாச்சி. ஆனா பேட்டரி பழசு. சின்னதம்பி இந்த தரம் மறைக்கல, பாதி வழி வரும், அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டான். பல்பையெல்லாம் அவனே கழட்டி கோணில கட்டி வச்சிருந்தான்.

எல்லாரும் சம்மந்தத்த பாத்தாங்க. அவன் ராஜாமணிய பாத்தான். அவ தலைய குனிஞ்சிக்கினே, அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னா.

"நிக்கற வரைக்கும் இதுல போவலாம். ஒங்க வூட்டு மாடு பின்னாலயே வரட்டும்."

அப்பிடியேதான் கெளம்புனாங்க. கரண்டு காரு சத்தமில்லாம முன்னால. அதோட வால்ல கட்டி, காலி வண்டிய இழுத்துக்கினு கண்ணையனோட ஜோடி மாடு. பெட்ரோல் காரும் கூட வந்துச்சி, தாய்மாமன் உரிமைய வுட முடியாதுல்ல? ஆனா அரங்கநாதன் தோள் துண்ட எடுத்து தூக்கிப் புடிச்சி, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து பாத்து, புகை அந்தப் பக்கம் போவாத மாதிரி ரொம்ப பின்னால வரச் சொன்னாரு. ஒவ்வொரு திருப்பத்துலயும் எறங்கி துண்ட தூக்கிப் பாத்தாரு.

ராஜாமணி மடில ஒரு எலுமிச்சம்பழம் இருந்துச்சி. அத யாரும் எடுக்கல. காரு ஓடற சத்தம் இல்லாததால, அவ வளையல் சத்தம், பின்னால மாட்டு கழுத்து மணி, கரும்புக் கொல்லைல காத்து எல்லாம் கேட்டுச்சி.

சரியா பாதி வழில, ஒரு புளிய மரத்து நெழல்ல, காரு பெருமூச்சு விட்டு நின்னுடுச்சி. சின்னதம்பி திரும்பிப் பாக்கறதுக்குள்ள ராஜாமணி சிரிச்சிட்டா. சம்மந்தமும் சிரிச்சான். பின்னால நின்ன மாடு ரெண்டும் இதுக்காகவே காத்திருந்த மாதிரி, சின்னதம்பி கவுற அவுத்ததும், யாரும் ஓட்டாமலே காலி வண்டிய இழுத்துக்கினு முன்னால வந்து நின்னுதுங்க.